திரையில் தெரியும் வடசென்னை

வடசென்னையை நேரில் காணாதவர் பலர். திரையில் காணாதவர் மிகச் சிலரே. துறைமுகத் தொழிலாளியும் மீனவரும் ஆசிரியரும் வாழும் ராயபுரமும் திருவொற்றியூரும் படங்களில் பெரும்பாலும் கத்தியோடுதான் வருகின்றன. இதனால் விளைவது யாது?

அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் கெர்ப்னர் 1960களின் இறுதியிலிருந்து தொலைக்காட்சி வன்முறையை ஆராய்ந்தவர். ஒரு காட்சியைக் கண்டவுடன் எவரும் கத்தி எடுப்பதில்லை. ஆனால் நெடுங்காலம் மிகுதியாகக் காண்போர், உலகம் உள்ளதைவிடக் கொடியது என நம்பத் தலைப்படுகின்றனர் என்றார் அவர். நிலத்தைப் பண்படுத்துவதுபோல் மனத்தைப் பண்படுத்துவதால் இது கல்டிவேஷன் கோட்பாடு எனப்பட்டது. நம் முகவரியைக் கேட்டதும் முகம் மாறுகிறவர்களை நினைத்தால், இக்கோட்பாடு நூலகத்தில் மட்டும் இருப்பதன்று எனப் புரியும்.

ஆயினும் கெர்ப்னரின் பார்வையாளர் வாய்பேசாதவராகவே எனக்குத் தோன்றுகிறார். 1973இல் ஸ்டூவர்ட் ஹால் வேறு வழி காட்டினார். படைப்பவர் பொதிந்த பொருளைப் பார்ப்பவர் அப்படியே ஏற்கலாம். ஓரளவு ஏற்று ஓரளவு மறுக்கலாம். முற்றிலும் எதிர்த்தும் பொருள் கொள்ளலாம். 2018இல் 'வட சென்னை' வெளிவந்தபோது நடந்ததைப் பாருங்கள். படகின்மீது அமைந்த ஒரு காட்சியை மீனவர்கள் எதிர்த்தனர். மற்றவர்க்கு அது காதற் காட்சி. மீனவர்க்கோ படகு வணங்குதற்குரியது. இயக்குநர் வெற்றிமாறன் வருத்தம் தெரிவித்து, காட்சியை நீக்க இசைந்தார். இடத்தை வாழ்ந்து அறிந்தவர் படத்தோடு வழக்காடுகிறார். படத்தால் மட்டுமே அறிந்தவர்க்குப் படமே சாட்சி. கெர்ப்னர் சொன்ன விளைவு இவர்களிடமே மிகுதி என்பேன். பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) நாயகனைக் கணினி நிறுவன ஊழியனாக்கியதும், 'சார்பட்டா பரம்பரை' (2021) குத்துச்சண்டை மரபைக் காட்டியதும் அச்சாட்சியைச் சற்றே திருத்தின.

செய்தித்தாளுக்கும் இதில் பங்குண்டு. மெக்கோம்ப்ஸ், ஷா இருவரும் 1972இல் வெளியிட்ட ஆய்வு, ஊடகம் எதை வலியுறுத்துகிறதோ அதையே மக்களும் முதன்மையாகக் கருதுவதைக் காட்டியது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெயை வாளிகளால் அள்ளிய காட்சி நாடெங்கும் பரவியது. ஆண்டுக்கணக்காகக் கழிமுகத்தில் படிந்துவந்த அனல்மின் நிலையச் சாம்பலுக்கு அத்தகைய படம் வாய்க்கவில்லை. விபத்து ஒரு நாளில் நிகழ்வதால் செய்தியாகிறது. சாம்பல் நாள்தோறும் படிவதால் ஆவதில்லை.

அதே ஜனவரியில், விபத்துக்கு முன்பே, கபேர் வாசுகி எழுதிய 'சென்னை புறம்போக்குப் பாடலை' டி.எம். கிருஷ்ணா எண்ணூரில் நின்று பாடியிருந்தார். சென்னைப் பேச்சுத்தமிழ், கருநாடக இசை. அக்கழிமுகம் எங்கிருக்கிறதென்று அப்பாடலைக் கேட்டபின் விசாரித்தவர்களும் உண்டு.