ஏறாத கண்ணாடி... ஏறவேண்டிய ஃபிளைட்!

சாயங்காலம் ஆறு மணி. கடையநல்லூர் மெயின் ரோடு. ஆனி மாசக் காத்து ஆளையே தள்ளிக்கிட்டு இருக்கு. டிக்கியில ரெண்டு பெட்டி, பின் சீட்டுல அக்காவும் அவளோட ஒன்றரை வயசு வாண்டும், முன் சீட்டுல அத்தான். லீவு முடிஞ்சு துபாய்க்குக் கிளம்புறார். விடியக்காலைல திருவனந்தபுரத்துல ஃபிளைட். வழியனுப்ப வந்த பெரியம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்னு கண்ணாடியை இறக்கினார். சமர்த்தா இறங்குச்சு. அப்புறம் ஏறவே இல்லை!

"ஏலே, நீ ட்ரிபிள் ஈ மூணாவது வருஷம்தானே... பாரேன்!" என்றார் அப்பா. கார்ல இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தாங்க. டி.சி. மோட்டார் பத்தி பதினாறு மார்க் கேள்விக்கு மூணு பக்கம் எழுதினவன் நான். அந்த தைரியத்துல சுவிட்சை அமுக்கினேன். அமுக்கினேன். அமுக்கிக்கிட்டே இருந்தேன். ஆரம்பத்துல 'கிர்ர்'னு முனகிய கதவு, கடைசியில சத்தமே போடாம படுத்துடுச்சு.

கண்ணாடி திறந்திருந்தா என்ன, காத்தோட்டமா போகலாமேன்னு நினைக்காதீங்க. செங்கோட்டை தாண்டினா ஆரியங்காவு, தென்மலைன்னு மலை ரோடு. சீஸன் நேரத்துல மழை கொட்டும். கார்ல கைக்குழந்தை. ஏர்போர்ட்ல காரை நிறுத்திட்டு அத்தானை உள்ளே அனுப்பவும் முடியாது. திறந்த கார்ல யார் காவல் இருக்கிறது?

தென்காசி ரோட்டுல ஒரு ஷெட். மெக்கானிக் அண்ணாச்சி ஸ்பேனரைக்கூட எடுக்கலை. "எத்தனை தடவை அமுக்கின?" என்று மட்டும் கேட்டார். "ஒரு இருபது..." "அதான் சூடாயி நின்னுட்டு. பத்து நிமிஷம் சும்மா விடு, போய் டீ குடி." ஃப்ரெண்ட்ஸ், இதுதான் நான் கத்துக்கிட்ட முதல் பாடம். அந்தக் குட்டி மோட்டாருக்குள்ள, சூடு அதிகமானா தானாவே கரன்டைத் தடுக்கிற ஒரு பாதுகாப்பு உண்டு. ஆறினதும் மறுபடி வேலை செய்யும். அது தெரியாம மோட்டார் செத்துப்போச்சுன்னு முடிவு கட்டி, சில ஆயிரம் ரூபாய்க்குப் புதுசு வாங்கி மாட்டுறவங்க நிறைய!

டீ முடிஞ்சது. இன்ஜினை ஓடவிடச் சொன்னார். பேட்டரி மட்டும் இருக்கிறப்போ கிடைக்கிறதைவிட அப்பத்தான் வோல்டேஜ் கொஞ்சம் கூட இருக்குமாம். "கூரை லைட்டைப் போடு. இப்ப சுவிட்சை அமுக்கு, லைட்டைப் பாரு." அமுக்கினேன். லைட் லேசா மங்குச்சு. "மங்குதா? அப்ப கரன்ட் போகுது. மோட்டார் சாகலை, மூச்சு முட்டுது."

மீட்டர் இல்லாம இதைவிட ஈஸியான டெஸ்ட் கிடையாது. லைட் மங்கினா மோட்டார் கரன்ட் இழுக்குது, கண்ணாடிதான் எங்கேயோ சிக்கியிருக்கு. மங்கவே இல்லை, சத்தமும் இல்லைன்னா கரன்ட் போய்ச் சேரலை. எல்லா ஜன்னலும் ஒரே நேரத்துல செத்திருந்தா ஃபியூஸைப் பாருங்க. ஒண்ணு மட்டும்னா சுவிட்ச், இல்லைன்னா கதவு மடங்குற இடத்துல ரப்பர் குழாய்க்குள்ள ஓடுற ஒயர். கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி அது உள்ளேயே அறுந்திருக்கும். மோட்டார் ஜோரா சுத்துற சத்தம் கேட்டும் கண்ணாடி அசையலைன்னா, அதைத் தூக்குற ரெகுலேட்டர் கேபிள் அவுட். இது எதுவுமே இல்லாம, டிரைவர் பக்கம் இருக்கிற லாக் பட்டனை யாராவது தெரியாம அமுக்கி வெச்சிருக்கவும் சான்ஸ் உண்டு. சிரிக்காதீங்க, அண்ணாச்சி ஷெட்டுக்கு அதுக்காகவே வந்துபோற கார்கள் இருக்காம்!

எங்க கேஸுக்கு வருவோம். அண்ணாச்சி கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு உள்ளங்கை, வெளிப்பக்கம் ஒரு உள்ளங்கை வெச்சு அழுத்திப் பிடிச்சார். "நான் தூக்குறப்போ நீ அமுக்கு. விரலை உள்ளே விட்ராத." தூக்கினார், அமுக்கினேன். இஞ்ச் இஞ்சா ஏறுச்சு. முழுசா மூடினதும், திரும்ப நழுவாம இருக்க ஒரு பழைய டியூப் துண்டை ஓரத்துல செருகினார். சுவிட்ச் மேல ஒரு டேப். "வீடு திரும்புற வரைக்கும் இதை ஒருத்தரும் தொடக் கூடாது!" அத்தான் ஃபிளைட்டைப் பிடிச்சுட்டார். கண்ணாடியும் தென்மலை மழையைத் தாங்கிடுச்சு.

மறுநாள் கதவைக் கழட்டினப்போதான் என் வண்டவாளம் தண்டவாளம் ஏறுச்சு. கண்ணாடி ஓடுற ரப்பர் பள்ளம் முழுக்கக் கருப்பா ஒரு பசை. "இதுல என்னத்தடே ஊத்தினீங்க?" போன மாசம் கண்ணாடி 'க்ரீச்'னுதுன்னு தேங்காய் எண்ணெய் விட்டவன் சாட்சாத் நானேதான். ரெண்டு நாள் வழுக்கிக்கிட்டுப் போச்சு. அப்புறம் எங்க ஊர்க் காத்து வேலையைக் காட்டிடுச்சு. செங்கோட்டைக் கணவாய் வழியா ஆனி, ஆடியில வீசுற காத்து, இந்தப் பக்கம் எல்லாம் காத்தாடி மில் சுத்துற காத்து, புழுதியை அள்ளிக்கிட்டு வரும். அதுல சாரல் வேற. எண்ணெய்ல புழுதி ஒட்டி, பசையாகி, இறுகி, கண்ணாடியைப் பிடிச்சு இழுக்க, கேபிளோடு கண்ணாடியைக் கோர்க்கிற பிளாஸ்டிக் துண்டு விரிஞ்சிருந்தது. ஈரத்துணியால பள்ளத்தைத் துடைச்சு, காயவிட்டு, சிலிக்கான் ஸ்ப்ரே அடிச்சிருந்தா சில நூறு ரூபாயோடு போயிருக்கும். எண்ணெய், கிரீஸ் ரெண்டுமே அங்கே ஆகாது.

அண்ணாச்சி இன்னொண்ணும் காட்டினார். கதவோட அடிவிளிம்புல சின்னச் சின்ன ஓட்டைகள். கண்ணாடி வழியா உள்ளே இறங்குற மழைத்தண்ணி வெளியே போறதுக்கு. அதுல மண் அடைச்சா கதவுக்குள்ள குளம் கட்டிடும். கதவைச் சாத்துறப்போ 'சளக்'னு சத்தம் வந்தா ஒரு குச்சியால குத்திவிடுங்க.

தண்ணியும் சுவிட்ச்சும் சேர்ந்தா என்ன ஆகும்? இதைத் தேடிப் படிச்சப்போதான் எனக்கு விளையாட்டு புத்தி போச்சு. 2010 ஜனவரியில ஹோண்டா நிறுவனம் உலகம் முழுக்க 6 லட்சத்து 46 ஆயிரம் கார்களைத் திரும்ப அழைச்சது. டிரைவர் ஜன்னல் வழியா தண்ணி புகுந்து பவர் விண்டோ சுவிட்ச் சூடாகித் தீப்பிடிக்கலாம்னு காரணம் சொன்னாங்க. அதுக்கு முந்தின வருஷம்தான் தென்னாப்பிரிக்காவில் ஒரு ஜாஸ் கார் தீப்பிடிச்சு ஒரு குழந்தை இறந்திருந்தது. இந்தியாவுல மட்டும் 2007-ல் தயாரான 8,532 சிட்டி கார்கள் அந்த லிஸ்ட்டுல இருந்தன. 2012 அக்டோபர்ல டொயோட்டா முறை. சுவிட்சுக்குள்ள கிரீஸ் சீராகப் பூசப்படலைன்னு உலகம் முழுக்க 74 லட்சம் கார்கள். சுவிட்ச் இறுகுதேன்னு நாமளே கடையில வாங்கின எண்ணெயை விட்டா, உருகிப் புகையவும் வாய்ப்பிருக்குன்னு அப்போ எச்சரிச்சாங்க. தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு நான் அடுத்ததா எங்கே போயிருப்பேன்னு நினைச்சா... வேணாம் சாமி!

அதனால, சுவிட்ச் நனைஞ்சாலோ, கருகின வாசனை வந்தாலோ சோதனை எதுவும் வேண்டாம். வண்டியை ஓரங்கட்டி, ஆஃப் பண்ணி, முதல்ல பின் சீட்டுக் குழந்தையை இறக்குங்க. ஜன்னல்ல எட்டிப் பார்க்கிற வாண்டுகள் இருக்கிற வண்டியில அந்த லாக் பட்டன் அமுங்கியே இருக்கட்டும். தடை பட்டா தானாவே இறங்கிக்கிற வசதி எல்லாக் கார்லயும், எல்லா ஜன்னல்லயும் கிடையாது. இருந்தாலும் முழுசா நம்ப முடியாது. அது சரியா வேலை செய்யலைன்னு 2022-ல் டெஸ்லாவே அமெரிக்காவில் 11 லட்சம் கார்களுக்கு சாஃப்ட்வேரை மாத்த வேண்டியதாப்போச்சு.

எங்க காருக்கான பிளாஸ்டிக் துண்டு தென்காசியில கிடைக்கலை. திருநெல்வேலியிலிருந்து பஸ்ல வர ரெண்டு நாள் ஆச்சு. மாட்டி முடிச்ச அன்னிக்கு ராத்திரி துபாய்லேர்ந்து போன்.

"என்ன மாப்ள, கண்ணாடி ஏறுதா?"

"சூப்பரா ஏறுது அத்தான். ஆனா அப்பாதான் யாரையும் இறக்கவே விட மாட்டேங்கிறாரு!"