ஐந்து வாட்டை ஐம்பது வாட்டாக்கும் முன்

சொந்தக் கையால் 5 வாட் அலைபரப்பி ஒன்றைக் கட்டி முடித்து, உரிமமும் பெற்று, 40 மீட்டர் அலைவரிசையில் பேசத் தொடங்கிய ஒரு மாணவனின் மனத்தில் அடுத்து எழும் ஆசை என்ன தெரியுமா? பகலில் பக்கத்து மாநிலங்கள் பதில் சொல்கின்றன. இரவானால் தொலைதூரக் குரல்கள் எல்லாம் வாங்கியில் தெளிவாகக் கேட்கின்றன. ஆனால் நாம் அழைத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வலிய நிலையங்கள் நம்மை அமுக்கிவிடுகின்றன. "இன்னும் கொஞ்சம் சக்தி இருந்தால்!" என்று மனம் ஏங்குகிறது. அப்போதுதான் பெருக்கி கிட் ஒன்றின் விளம்பரம் கண்ணில் படும். அச்சுப் பலகை, இரண்டு டிரான்சிஸ்டர்கள், சில வளையங்கள், ஒரு கைப்பிடி மின்தேக்கிகள். கட்டி முடித்தால் 50 வாட்!

வாங்கலாம். ஆனால் பணத்தை எடுக்கும் முன் காகிதமும் பென்சிலும் எடுங்கள்.

முதலில் ஒரு கணக்கு

5 வாட் 50 வாட் ஆவது பத்து மடங்கு. அதாவது 10 டெசிபல். ஹாம்கள் குறியின் வலிமையை "எஸ்" புள்ளிகளால் அளக்கிறார்கள். ஒரு எஸ் புள்ளி என்பது 6 டெசிபல்; அதாவது எதிர்முனை வாங்கியின் ஏரியலில் தோன்றும் மின்னழுத்தம் இரு மடங்காவது. மின்னழுத்தம் இரு மடங்காக வேண்டுமானால் சக்தி நான்கு மடங்காக வேண்டும். ஆகவே உங்கள் பத்து மடங்குச் சக்தி எதிர்முனையில் இருப்பவரின் முள்ளை இரண்டு புள்ளிகூட முழுதாக நகர்த்தாது!

இது பயனற்றது என்று சொல்லவில்லை. இரைச்சலின் விளிம்பில் மூழ்கி மூழ்கி எழும் ஒரு குரலுக்கு அந்த 10 டெசிபல் உயிர் கொடுக்கும். ஆனால் அதே லாபத்தில் ஒரு பகுதியை ஏரியலிடமிருந்து ஏறக்குறைய இலவசமாகப் பெறமுடியுமா என்று முதலில் பாருங்கள். 300ஐ 7.1 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் சுமார் 42.25 மீட்டர். அதில் பாதி 21.1 மீட்டர். கம்பியில் அலை சற்று மெதுவாகச் செல்வது போன்ற காரணங்களால் ஏறக்குறைய 5 சதவிகிதம் குறைத்தால் 20 மீட்டர். இதுதான் உங்கள் அரை அலை டைபோலின் நீளம். அது மொட்டை மாடிச் சுவரின்மேல் படுத்துக் கிடக்கிறதா, அல்லது நல்ல உயரத்தில் தென்னைமரத்திலிருந்து தொங்குகிறதா? ஏரியலைச் சரிசெய்தால் இன்னொரு லாபமும் உண்டு: அனுப்புவது மட்டுமல்ல, கேட்பதும் மேம்படும். பெருக்கியால் கேட்கும் திறன் துளியும் கூடாது.

எந்தக் கிட்?

ஏரியல் சரியாகத்தான் இருக்கிறது என்றால் கடைப்பட்டியலுக்கு வருவோம். உங்கள் உரிமத்தின் தரத்துக்கு எத்தனை வாட் அனுமதி என்பதை முதலில் பாருங்கள். இந்தியாவில் 12 வயது நிரம்பியவர்கள் தேர்வெழுதி அமெச்சூர் வானொலி உரிமம் பெறலாம். உரிமம் இன்றி 5 வாட்டும் கூடாது, 50 வாட்டும் கூடாது.

இத்தகைய கிட்கள் பலவற்றில் இருப்பது ஐ.ஆர்.எஃப் 510 என்ற மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர். சுவையான செய்தி என்னவென்றால், இது வானொலிக்காகச் செய்யப்பட்டதே அல்ல. மின்வழங்கிகளிலும் மோட்டார்களிலும் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்சாகப் பிறந்தது. விலை மலிவு. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த புகழ்பெற்ற பிட்எக்ஸ் அலைபரப்பியிலும் இறுதி நிலையில் இருப்பது இதுவே. 1999 மார்ச், ஏப்ரல் மாத கியூ.எஸ்.டி. இதழ்களில் மைக் கோசோர் என்ற அமெரிக்க ஹாம் இவற்றில் இரண்டை எதிரெதிராக இணைத்து, 1 வாட் கொடுத்து 40 வாட்டுக்குமேல் எடுக்கும் பெருக்கியை விளக்கினார். அதே பாணியில் பின்னர் பல கிட்கள் வந்தன.

"510 கிடைக்கவில்லை, 540 போடுங்கள், அது இன்னும் பெரியது" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மாஸ்ஃபெட்டின் கேட் முனை ஒரு மின்தேக்கிபோல் நடந்துகொள்கிறது. 510இல் அது சுமார் 180 பிக்கோஃபாரட். 540இல் சுமார் 1,700. விநாடிக்கு 70 லட்சம் முறைக்குமேல் இந்தத் தேக்கியை நிரப்பிக் காலிசெய்ய வேண்டும் அல்லவா? சிறியதுதான் இங்கே சிறந்தது.

அடுத்து, விளம்பரத்தின் வாட் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள்; எத்தனை வோல்ட்டில் அந்த வாட் என்று தேடுங்கள். ஒரே பெருக்கியில் சக்தி ஏறக்குறைய மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 13.8 வோல்ட்டில் 50 வாட் தருவது, பாட்டரி தளர்ந்து 12 வோல்ட்டுக்கு இறங்கினால் 38 வாட்தான் தரும். 28 வோல்ட்டில் அளந்த எண்ணைப் பெரிதாக அச்சடித்திருந்தால் உங்கள் கார் பாட்டரியில் அதில் கால் பங்கே கிடைக்கும். மின்னோட்டத்தையும் கணக்கிடுங்கள். திறன் 50 சதவிகிதம் என்று கொண்டால் 50 வாட் வெளிவர 100 வாட் உள்ளே போக வேண்டும், 13.8 வோல்ட்டில் அது 7 ஆம்பியருக்கும் அதிகம். மிஞ்சிய 50 வாட் வெப்பம். மேசையில் ஈயத்தை உருக்கும் உங்கள் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அப்படி இரண்டு அயர்ன்களின் வெப்பத்தை விரல் நுனி அளவுள்ள இரண்டு டிரான்சிஸ்டர்களிலிருந்து வெளியேற்ற வேண்டும். கிட்டோடு வரும் ஹீட் சிங்க் தீப்பெட்டி அளவில் இருந்தால் அதைத் தம்பிக்கு விளையாடக் கொடுத்துவிட்டு நல்லதாக வேறொன்று வாங்குங்கள்.

கிட்டின் வகையையும் கவனியுங்கள். மோர்ஸ் சங்கேதம் மட்டும் அனுப்புபவருக்கு சி வகுப்புப் பெருக்கி போதும். குரலை எஸ்.எஸ்.பி. முறையில் அனுப்புபவருக்கு, ஹாம்கள் "லீனியர்" என்று அழைக்கும் பெருக்கி தேவை. உள்ளே வரும் குறி சிறிதானால் சிறிதாக, பெரிதானால் பெரிதாக, அதே விகிதத்தில் அது வளர்க்க வேண்டும். அதற்கு அளவுக்கு மீறிக் குறியைக் கொடுத்தால் அலையின் உச்சிகள் வெட்டுண்டு, உங்கள் குரல் அக்கம்பக்கத்தில் சிதறும். ஒரு குரலுக்கு ஏறக்குறைய 3 கிலோஹெர்ட்ஸ் போதும். 40 மீட்டரில் நமக்குள்ள இடமோ 7,000 முதல் 7,200 கிலோஹெர்ட்ஸ்வரை, மொத்தம் 200. நீங்கள் 15 கிலோஹெர்ட்ஸுக்குச் சிதறினால் ஐந்து பேர் பேசும் இடத்தை ஒருவராக அடைத்துக்கொள்கிறீர்கள்.

அந்த ஐந்தில் ஒன்று யாருடைய குரலாக இருக்கும் என்று சொல்லமுடியாது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, பாரதி பிரசாத் என்ற ஹாம் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்து இயக்கிக்கொண்டிருந்தார். (அந்நகரின் பெயர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது.) தொலைபேசிகள் ஓய்ந்துபோன அந்நாட்களில் தீவுகளிலிருந்து செய்திகள் பல ஹாம் அலைகளில் பாரதத்தின் கரைக்கு வந்தன. அப்படியொரு மெல்லிய குரலின்மேல் நம் சிதறல் விழுந்தால் அது விழுந்தது நமக்குத் தெரியக்கூடத் தெரியாது.

இன்னொரு சிதறலும் உண்டு. வீணையின் ஒரு தந்தியை மீட்டினால் அடிப்படைச் சுரத்தோடு மேற்சுரங்களும் சேர்ந்தே ஒலிக்கின்றன அல்லவா? பெருக்கியும் அப்படியே. 7 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தால் 14, 21 மெகாஹெர்ட்ஸிலும் கொஞ்சம் வெளிவரும். இவற்றைத் தடுப்பது தாழ் அதிர்வெண் வடிகட்டி. அமெரிக்க விதிப்படி இந்த வேண்டாத அலைகள் முதன்மை அலையைவிட 43 டெசிபல் தாழ்ந்திருக்க வேண்டும். 43 டெசிபல் என்பது 20,000இல் ஒரு பங்கு. 50 வாட்டுக்கு இரண்டரை மில்லிவாட்! மலிவு கிட்கள் சிலவற்றில் இந்த வடிகட்டியே இருப்பதில்லை. அந்தக் கிட்டுக்கு அது மலிவல்ல. தூர்தர்ஷனின் பழைய நான்காம் சேனல் 61 முதல் 68 மெகாஹெர்ட்ஸ்வரை இருந்தது. 21 மெகாஹெர்ட்ஸை மூன்றால் பெருக்கிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைப் படத்தின் நடுவே திரையில் கோடுகள் ஓட, தெருவே திரண்டு ஹாமின் வீட்டுக் கதவைத் தட்டிய காலம் அது.

கட்டும்போது

எனாமல் பூசிய செம்புக் கம்பியை டொராய்டு வளையத்தில் சுற்றும்போது, கம்பி துளைக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று. வெளியே எண்ணாதீர்கள், உள்ளே எண்ணுங்கள். மின்தூண்டல் சுற்றுகளின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், 16க்குப் பதில் 15 சுற்றினால் 12 சதவிகிதம் குறைந்துவிடும். கம்பி முனைகளில் எனாமலைச் சுரண்டி, செம்பு பளபளத்த பின்னரே ஈயம் வையுங்கள்.

டிரான்சிஸ்டரின் பின்புற உலோகத் தகடு, மின்வழங்கியோடு இணைந்த டிரெயின் முனையேதான். எனவே அதற்கும் ஹீட் சிங்குக்கும் இடையே மைக்கா தகடு அல்லது சிலிக்கோன் தகடு வேண்டும். திருகுக்கும் பிளாஸ்டிக் வளையம் வேண்டும். நான் முதலில் கட்டிய பெருக்கியில் மைக்காவை ஒழுங்காக வைத்தேன். திருகு வளையத்தை மறந்தேன். அந்த மாதச் சேமிப்பு ஒரு விநாடியில் புகைந்தது. இப்போது மின்சாரம் தருமுன் தகட்டுக்கும் சிங்குக்கும் இடையே மல்டிமீட்டரால் சோதிக்காமல் இருப்பதில்லை.

சோதனைக்கு ஏரியலை இணைக்கக் கூடாது. 50 ஓம் டம்மி லோடு ஒன்றை நீங்களே செய்துகொள்ளலாம்: 1,000 ஓம், 2 வாட் கார்பன் மின்தடைகள் இருபதைப் பக்க இணைப்பில் வைத்தால் சரியாக 50 ஓம், 40 வாட் தாங்கும். சிறிது நேரச் சோதனைக்கு இது போதும். கம்பி சுற்றிய மின்தடைகள் வேண்டாம். அவை சுருளாகவும் நடந்துகொள்ளும்.

இனி மிக ஆபத்தான நிமிடத்துக்கு வருகிறோம். பயாஸ் அமைத்தல்! மாஸ்ஃபெட்டின் கேட்டில் 2 முதல் 4 வோல்ட்டுக்குள் ஏதோ ஓரிடத்தில்தான் மின்னோட்டம் தொடங்கும். தொடங்கிய பின் பிரீசெட்டைச் சிறிது திருப்பினாலும் பாயும். எனவே இரண்டு பிரீசெட்களையும் கேட்டில் பூஜ்ய வோல்ட் வரும்படி வைத்து, அதை மீட்டரால் உறுதிசெய்துகொள்ளுங்கள். எந்தப் பக்கம் திருப்பினால் பூஜ்யம் என்று ஊகிக்க வேண்டாம். பிறகு 13.8 வோல்ட் வழிக்குத் தொடராக, 12 வோல்ட் 21 வாட் கார் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை இணையுங்கள். எங்கேனும் குறுக்குச் சுற்று இருந்தால் பல்பு எரியும், டிரான்சிஸ்டர் பிழைக்கும். குறி எதுவும் கொடுக்காமல், முதல் பிரீசெட்டை மெல்லத் திருப்பி, கிட்டின் குறிப்புத்தாள் சொல்லும் மின்னோட்டம் வந்ததும் நிறுத்துங்கள். அது 100 மில்லி ஆம்பியர் என்றால், இரண்டாவதைத் திருப்பும்போது மொத்தம் 200 வரவேண்டும். ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். டிரான்சிஸ்டர் சூடானால் இந்த மின்னோட்டம் தானாகவே ஏறும். ஏறியிருந்தால் குறைத்து வையுங்கள்.

பல்பை எடுத்துவிட்டு, உரிய ஃப்யூஸ் போட்டு, மிகக் குறைந்த குறியோடு தொடங்குங்கள். கிட் 1 வாட் கேட்கிறது, உங்கள் அலைபரப்பி 5 வாட் தருகிறது என்றால் இடையே 7 டெசிபல் குறைப்பான் அவசியம். வெளிவரும் சக்தியை அளக்க, டம்மி லோடின் உச்ச மின்னழுத்தத்தை ஒரு டையோடும் மின்தேக்கியும் கொண்டு அளந்து, வர்க்கப்படுத்தி 100ஆல் வகுத்தால் வாட் கிடைக்கும். 50 வாட்டில் அது ஏறக்குறைய 71 வோல்ட். டையோடோ அதைப்போல் இரு மடங்கு, 141 வோல்ட்டைத் தாங்க வேண்டும். எல்லோர் பெட்டியிலும் கிடக்கும் 1என்4148 இங்கே உதவாது, 200 வோல்ட் தாங்கும் பி.ஏ.வி.21 உதவும். அந்த முனையை விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். ரேடியோ அதிர்வெண் தரும் தீக்காயம் சிறியதாகத் தெரியும், ஆறுவதற்கு நாளாகும்.

குறியை ஏற்ற ஏற்ற வாட் ஏறும். ஓரிடத்தில் ஏற்றம் தளரும். அந்த இடத்துக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுங்கள். பிறகு ஏரியலை இணைத்து, ஊரிலுள்ள இன்னொரு ஹாமை அழையுங்கள். "எவ்வளவு வலிமையாகக் கேட்கிறேன்?" என்று கேட்க வேண்டாம். உங்கள் அதிர்வெண்ணிலிருந்து 5 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வாங்கியைத் திருப்பி, அங்கே உங்கள் குரலின் கரகரப்பு கேட்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கேட்கிறது என்றால் குறியைக் குறையுங்கள். அவர் "இப்போது இல்லை" என்றதும் அந்த இடத்தில் குமிழின் ஓரமாகப் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.