தேனீ வளர்ப்பு: வேலையற்ற வாலிபருக்கு ஒரு கைத்தொழில்

பள்ளியை நடுவில் விட்டு வேலையின்றியிருக்கும் கிராம வாலிபர், சொந்த நிலமில்லாமலும் செய்யத்தக்க தொழில் தேனீ வளர்ப்பாகும். அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில், ஸ்பென்ஸர் ஹாட்ச் என்பவர் 1920-களில் தொடங்கிய வாலிபர் கிறிஸ்தவ சங்க நிலையம் இதனைக் கிராமத்தாருக்குக் கற்பித்தது.

அடையைப் பிழிந்தால் புழுக்கள் மடியும், கூட்டமும் ஓடிவிடும். பெட்டியிலுள்ள சட்டத்தை எடுத்து இயந்திரத்தில் சுழற்றினாலோ தேன் மட்டும் பிரியும். அடையை மீண்டும் வைக்கலாம். இதனை ஒரே நாளில் கற்கலாம். ஆனால் ராணியை அடையாளங் காண்பதும், கூட்டம் பிரியுங் காலத்தை அறிவதும், பூவில்லாக் காலத்தில் சர்க்கரைப்பாகு ஊட்டுவதும் ஓராண்டு பெட்டியருகே பழகினாலன்றி வாரா.

புழுக்கள் நீர்ப்பைபோலாகிச் சாகும் நோயொன்று 1991-92-ல் தென்னிந்தியாவில் பரவித் திரளான கூட்டங்களை அழித்தது. அந்நோயின் குறி அறியாதவர்க்கு வெற்றுப் பெட்டியும் கடனுமே மிஞ்சும். ஆதலின் பயிற்சியை முன்னும் பெட்டியைப் பின்னுமாக அளித்தலே முறை.