டேப்லெட் பளபளக்கிறது, வாசல் பூட்டு எப்படி?

பல வீடுகளில் அலமாரியில் ஒரு பழைய டேப்லெட் கிடக்கும். சார்ஜ் போட்டால் உயிர் வரும். படம் ஓடும். பாட்டும் பாடும். "நன்றாகத்தானே இருக்கிறது!" என்று வீட்டுக்காரர் அதிலேயே பாங்கிக் கணக்கையும் திறந்து பார்க்கிறார்.

அங்கேதான் ஆபத்து!

இணையத்துக்குள் போகும் வாசலுக்குப் பிரவுசர் என்று பெயர். குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் எல்லாம் அந்த இனம். இந்த வாசலில் அவ்வப்போது ஓட்டைகள் தெரியவரும். கம்பெனிக்காரர்கள் அவற்றை அடைத்து அனுப்புவார்கள். அதுதான் அப்டேட். அது நின்றுவிட்டால் புதிய ஓட்டைகள் அப்படியே கிடக்கும். திருடனுக்கு அது தெரியும், வீட்டுக்காரருக்குத் தெரியாது.

ஆப் கதை வேறு. புது ஆப் பழைய டேப்லெட்டில் ஏறாவிட்டால், "இதில் இயங்காது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். பிரவுசரோ வாய் திறக்காது. பக்கங்கள் வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும். ஆப் வரவில்லையே என்று வருந்துகிறவர்கள் உண்டு. பிரவுசர் கிழடாகிவிட்டதைக் கவனிப்பவர்கள் குறைவு.

ஐபேடும் ஆண்ட்ராய்டும்

ஐபேடில் குரோம் என்று பெயர் போட்டிருந்தாலும், பெரும்பாலான நாடுகளில் உள்ளே ஓடுவது ஆப்பிள் கம்பெனியின் 'வெப்கிட்'தான். அது டேப்லெட்டின் மூல மென்பொருளோடு சேர்ந்தே புதுப்பிக்கப்படும். அந்த அப்டேட் நின்றால், எந்தப் பிரவுசரைப் போட்டும் பயனில்லை. ஆனால் 2013-ல் வந்த முதல் 'ஐபேட் ஏர்' டேப்லெட்டுக்கு, 2023 ஜனவரியில்கூட ஆப்பிள் ஒரு வெப்கிட் ஓட்டையை அடைத்து அனுப்பியது. ஒன்பது வருஷம் கழித்து! ஆயினும் அந்த ஐபேட் ஐஓஎஸ் 12-ஐத் தாண்டாது. ஆகவே புது ஆப்கள் பல அதில் ஏறுவதில்லை.

ஆண்ட்ராய்டில் தலைகீழ். டேப்லெட் செய்த கம்பெனி சில வருஷங்களிலேயே கைகழுவிவிடுவது உண்டு. குரோம் மட்டும் ப்ளே ஸ்டோர் வழியாகத் தனியே புதுப்பித்துக்கொண்டு வரும். டேப்லெட்டின் மற்ற ஓட்டைகளை அது அடைக்காது. அதற்கும் எல்லை உண்டு. ஆண்ட்ராய்டு 7-க்குப் புதிய குரோம் வருவது 2023 இறுதியில் நின்றது. 8, 9 இரண்டுக்கும் 2025 ஆகஸ்டில் நின்றது.

பார்ப்பது எப்படி?

செட்டிங்ஸில் 'அபவுட்' பகுதியைத் திறந்தால் ஆண்ட்ராய்டு எண் தெரியும். 10-க்குக் கீழே என்றால் பாங்கி வேலை அதில் கூடாது. 10-க்கு மேலே என்றாலும், கடைசியாகப் பாதுகாப்பு அப்டேட் வந்த தேதியையும் பார்த்துவிட வேண்டும். பழைய டேப்லெட் விற்கும் கடைக்காரர் கண்ணாடியில் கீறல் இல்லை என்று திருப்பித் திருப்பிக் காட்டுவார். அந்தத் தேதியைக் காட்டமாட்டார். விலை பேசுமுன் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

வீட்டில் கிடக்கும் பழசைக் குப்பையில் போட வேண்டியதில்லை. பாங்கிக் கணக்கு, ஈமெயில், சேமித்த பாஸ்வேர்டு எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். குழந்தைகளுக்கு வேண்டிய பாட்டையும் படத்தையும் வேறு கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றிவிட்டு, வைஃபையை நிறுத்திவிட்டால், அது இன்னும் சில வருஷம் உழைக்கும்.