கேனிங் குன்றின் சுரங்கமும் நம் தோட்டங்களும்

சிங்கப்பூரின் கேனிங் கோட்டைக் குன்றில், தரைக்கு 9 மீட்டர் கீழே, 29 அறைகள் கொண்ட பிரிட்டிஷ் ராணுவச் சுரங்கத் தலைமையகம் இருக்கிறது. 1942 பிப்ரவரி 15 காலையில் ஜெனரல் பெர்சிவல் தம் தளபதிகளோடு கூடி, ஜப்பானியரிடம் சரணடைய முடிவெடுத்தது அங்கேதான். பிறகு மூடிக் கிடந்து, இன்று அருங்காட்சியகமாக இருக்கும் அந்தச் சுரங்கத்தைத் தளபதிகளின் கதையாக மட்டும் பார்ப்பது போதாது. நெகிரி செம்பிலான் தோட்டத்து லயங்களின் கதையும் அதில் இருக்கிறது.

நெகிரி செம்பிலானின் கிம்மாஸில் சண்டை ஜனவரி 14-இலேயே நடந்து, இந்த மாநிலம் முன்பே ஜப்பானியர் கைக்குப் போய்விட்டதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் சிங்கப்பூரில் சரணடைந்த படைவீரர்களில் பல்லாயிரம் பேரைத்தான் ஜப்பானியர் 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதையை அமைக்க அனுப்பினார்கள். வேலையை விரைவுபடுத்த அவர்கள் போதாதபோது, 1943-இல் மலாயாத் தோட்டங்களின் மீது கை வைத்தார்கள். மலாயாவிலிருந்து போன 70,000-க்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். சயாமின் காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில், அந்த வேலையில் இறந்த போர்க் கைதிகளின் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தோட்டத் தொழிலாளிக்கோ பெரும்பாலும் பெயர்ப்பட்டியல்கூட இல்லை. இது பெரும் அநீதி. நேயர்களே, உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் இருந்தால், அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் இன்றே எழுதி வையுங்கள்.