பெண் இயக்குநீர்களும் மதுசாரமும்

பெண் இயக்குநீர்கள் என்பவை சூலகத்தில் பெருமளவு சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களைக் குறிக்கும். மதுபானங்களில் உள்ள எத்தனால் என்னும் மதுசாரத்தை உடல் கையாளும் முறைக்கும் இவற்றுக்கும் தொடர்பு உண்டு. பெண்களுக்கு விரைவில் போதை ஏறுவதற்கு இவ்வியக்குநீர்களே காரணம் எனப் பலர் கருதுகின்றனர். ஆயினும் அதற்கு முதன்மைக் காரணம் உடலிலுள்ள நீரின் அளவே ஆகும். மாறாக, மதுசாரம் இயக்குநீர்களின் அளவை மாற்றுவதே உடல்நலத்தைப் பொறுத்தவரை முக்கியமானதாகும்.

மதுசாரம் சிதைவுறும் முறை

இரைப்பையிலும் சிறுகுடலிலும் உறிஞ்சப்படும் மதுசாரம் குருதியில் கலந்து கல்லீரலை அடைகிறது. அங்கு ஆல்ககால் டிஹைட்ரோஜினேஸ் என்னும் நொதியம் அதனை அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப்பொருளாக மாற்றுகிறது. மற்றொரு நொதியம் இந்நச்சுப்பொருளைத் தீங்கு குறைந்த அசிட்டேட்டாக மாற்றுகிறது.

உடல்நீரின் பங்கு

மதுசாரம் நீரில் எளிதில் கரையும். கொழுப்பில் மிகக் குறைவாகவே கரையும். பெண்களின் உடலில் சராசரியாகக் கொழுப்பின் விகிதம் கூடுதலாகவும் நீரின் விகிதம் குறைவாகவும் உள்ளன. எனவே மதுசாரம் பரவுவதற்கான இடம் குறைகிறது. சுவீடன் நாட்டு அறிவியலாளர் எரிக் விட்மார்க் இதனைக் கணக்கிட ஒரு காரணியை வகுத்தார். அதன் சராசரி மதிப்பு ஆண்களுக்கு 0.68, பெண்களுக்கு 0.55 ஆகும். இதன்படி, தலா 60 கிலோகிராம் எடையுள்ள ஓர் ஆணும் ஒரு பெண்ணும் 20 கிராம் மதுசாரம் அருந்தினால், சிதைவைக் கணக்கில் கொள்ளாதவிடத்து, ஒரு கிலோகிராம் குருதியில் ஆணுக்கு ஏறத்தாழ 0.49 கிராமும் பெண்ணுக்கு 0.61 கிராமும் மதுசாரம் இருக்கும்.

இரைப்பையிலுள்ள நொதியத்தின் செயற்பாடு பெண்களில் குறைவு என 1990 இல் வெளியான ஓர் ஆய்வு தெரிவித்தது. எனினும் இதன் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

மாதவிடாய்ச் சுழற்சி

மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் குருதியில் மதுசாரத்தின் உச்ச அளவு கூடுவதாக 1970களில் சில ஆய்வுகள் கூறின. பின்னர் நடந்த ஆய்வுகளுள் பெரும்பாலானவை இதனை உறுதிப்படுத்தவில்லை. கருத்தடை மாத்திரைகள் பற்றிய முடிவுகளும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. ஆகவே சுழற்சியின் எந்த நாளையும் மது அருந்துவதற்குப் பாதுகாப்பான நாள் எனக் கொள்ள இயலாது.

இயக்குநீர்களின் மீதான விளைவு

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் மருந்து உட்கொண்ட பெண்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 1996 இல் வெளியானது. மது அருந்தியபின் அவர்களின் குருதியில் எஸ்ட்ராடையோல் என்னும் ஈஸ்ட்ரோஜன் வகையின் அளவு ஏறத்தாழ மூன்று மடங்கு வரை உயர்ந்தது. மதுசாரம் சிதையும்போது கல்லீரல் கலங்களின் வேதிச் சமநிலை மாறுகிறது. இதனால் எஸ்ட்ராடையோல் வலுக்குறைந்த எஸ்ட்ரோனாக மாறுவது தடைப்படுகிறது என்பது இதற்குக் கூறப்படும் ஒரு விளக்கமாகும்.

மார்பகக் கலங்களின் பெருக்கத்தை ஈஸ்ட்ரோஜன் தூண்டுகிறது. மதுவால் மார்பகப் புற்றுநோய் ஏற்படுவதற்குரிய வழிகளுள் இதுவும் ஒன்றாகக் கருதப்படுகிறது. அசிட்டால்டிஹைடு மரபணுப் பொருளைச் சிதைப்பது மற்றொன்று. 53 ஆய்வுகளைத் தொகுத்து 2002 இல் வெளியான பகுப்பாய்வின்படி, நாள்தோறும் அருந்தும் ஒவ்வொரு 10 கிராம் மதுசாரத்துக்கும் இந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 7% கூடுகிறது. போதை ஏறாத அளவுக்கும் இது பொருந்தும்.