நித்திரை கொள்ளக்கூடாத இடம்

யாழ்ப்பாணத்தில் புவியியல் கற்பித்த காலத்தில், மண், நீர், குடியிருப்பு ஆகியவற்றைத் தனித்தனி ட்ரேசிங் தாள்களில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கச் சொல்வேன். அப்போதுதான் ஓரிடத்தின் உண்மை புலப்படும். இன்று கணினி செய்வதும் இதுவே.

எரிவாயுத் தாங்கியோ இரசாயனக் களஞ்சியமோ வெடித்தால், கசிந்தால், எவ்வளவு தூரம் உயிராபத்து என்று கணிக்கிறார்கள். விபத்தின் நிகழ்தகவையும் சேர்த்து, சமவுயரக் கோடுகள் போலச் சம ஆபத்துக் கோடுகளை வரைகிறார்கள். அதன்மேல் வீடுகளும் பாடசாலைகளும் வீதிகளும் பதியப்படுகின்றன.

நோர்வேயின் சிவில் பாதுகாப்பு இயக்ககமான டி.எஸ்.பி. மூன்று வலயங்களைப் பரிந்துரைக்கிறது. எந்நேரமும் அங்கேயே நிற்கும் ஒருவர் ஓராண்டில் இறக்கும் வாய்ப்பு, உள்வலய எல்லையில் 1 இலட்சத்தில் 1. இடைவலய எல்லையில் 10 இலட்சத்தில் 1. வெளிவலய எல்லையில் 1 கோடியில் 1. வீடுகள் வெளிவலயத்தில் அமையலாம். பாடசாலையும் மருத்துவமனையும் அதற்கும் அப்பால். இடைவலயத்தில் தொழிற்சாலை இருக்கலாம்; வீடு கூடாது. அதாவது, அங்கு நாம் வேலை செய்யலாம், நித்திரை கொள்ளக்கூடாது.

விழித்திருப்பவன் ஓடித் தப்புவான், பயிற்சியும் பெற்றிருப்பான் என்பது இதன் நியாயம். ஆயின் அந்தப் பயிற்சியை அரைகுறை நோர்வீஜிய மொழியில் கேட்டுத் தலையாட்டியவர்கள் எத்தனை பேர்? வரைபடம் இதை அறியாது.

அது அறியாதது இன்னும் உண்டு. 2010 மார்ச் 24 இல் எமது பள்ளத்தாக்கின் அல்னாபுரு சரக்கு நிலையத்திலிருந்து 16 வெற்றுப் பெட்டிகள் உருண்டோடி, பல கிலோமீற்றர் கீழேயுள்ள ஷூர்ஷோயா துறைமுகத்தில் பாய்ந்தன. மூவர் இறந்தனர். ஒஸ்லோவின் எரிபொருள் வந்திறங்கும் இடம் அது. தாங்கியைச் சுற்றி மட்டும் வட்டம் போட்டால், மேட்டிலிருந்து வரும் பெட்டி அதற்குள் தெரியாது. 2014 இல் டி.எஸ்.பி. அந்தத் துறைமுகப் பகுதி முழுவதையும் ஒன்றாக ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அதுவே சரியான வழி.

போபாலில் 1984 இல் ஆலைக்கு எதிரிலேயே குடிசைகள் இருந்தன. அதைக் காணக் கணினி தேவையில்லை, கண்ணே போதும். கண்டவர் சொல் சபையேறியதா என்பதே கேள்வி.

2008 ஆம் ஆண்டின் திட்டமிடல், கட்டடச் சட்டப்படி கொம்யூன் இவ்வலயங்களைத் தன் திட்ட வரைபடத்தில் பதிக்கலாம். திட்டம் குறைந்தது 6 கிழமைகள் மக்கள் பார்வைக்கு வைக்கப்படவேண்டும். யாரும் கருத்து எழுதலாம், பிரஜாவுரிமை கேட்கப்படுவதில்லை. குரோருட்டில் வீடு வாங்கும்போது வங்கி வட்டியைத் துருவித்துருவி விசாரிக்கிறோம். இந்தக் கோடுகளையும் விசாரிப்போம். இரவுவேலை முடித்துப் பகலில் தூங்குபவர் நம்மிலும் உண்டென்பதை நாம் எழுதாவிட்டால், வேறு யார் எழுதுவார்?